கோஷே நோயின் இரத்தக் கொழுப்புக் குறிப்பான்: மருத்துவர்களுக்கும் ஆய்வகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, ஆய்வகப் பொறுப்பாளர்களே, மருந்தின் அளவையும் அதற்கான செலவையும் முடிவுசெய்யும் குழுக்களின் உறுப்பினர்களே,

வணக்கம்.

கோஷே நோய் என்ற அரிய மரபுவழி நோயுடன் வளரும் ஒரு பெண்ணின் தாய் நான். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் என் மகளின் சிகிச்சைக் கோப்பைப் பல ஆண்டுகளாக நானே அடுக்கிப் பாதுகாத்து வருகிறேன். அந்தக் கோப்பில் மண்ணீரலின் அளவு, ஹீமோகுளோபின், தட்டணு எண்ணிக்கை, எலும்பின் எம்ஆர்ஐ அறிக்கை என எத்தனையோ தாள்கள் இருந்தாலும், இன்று மருத்துவர் முதலில் புரட்டித் தேடுவது லைசோ-ஜிபி1 என்று சுருக்கமாக அழைக்கப்படும் குளுக்கோசில்ஸ்பிங்கோசின் என்ற இரத்தக் கொழுப்பின் அளவைத்தான். அந்த அளவு ஒரு குழந்தைக்கு எவ்வளவு மருந்து ஏற்றுவது, தொடர்வதா குறைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவு கனமான பொறுப்பை ஏற்றுள்ள ஓர் எண், எப்படி எடுக்கப்பட்டது, எந்த அலகில் எழுதப்பட்டது, முன்பு எவ்வளவு இருந்தது என்ற விவரம் ஏதுமின்றித் தனியாக எங்கள் கைக்கு வருகிறது. சிகிச்சை தொடங்கும் முன்பிருந்தே இந்த அளவு அறுபடாத ஒரே வரிசையாகக் காக்கப்பட வேண்டும் என்பதும், முடிவுகள் அந்த வரிசையைக் கொண்டே எடுக்கப்பட வேண்டும் என்பதும் இந்த மடலின் வேண்டுகோள்.

உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன் என்றாலும், இம்மடலைப் படிக்கப்போகும் மற்றக் குடும்பங்களுக்காகச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். பெருத்த மண்ணீரலுடன் இருந்த 32 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி 1882இல் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் கோஷே எழுதியபோது, அது மண்ணீரலில் வளர்ந்த ஒரு கட்டி என்றே கருதினார். குளுக்கோசெரிப்ரோசிடேஸ் என்ற நொதியின் குறைபாடே நோயின் வேர் என்று ராஸ்கோ பிராடியும் அவருடைய குழுவினரும் 1965இல் காட்டினார்கள். உயிரணுக்களின் சவ்வில் உள்ள கொழுப்புகள் சிதையும்போது உருவாகும் குளுக்கோசில்செரமைடு என்ற பொருளை உடைப்பது அந்த நொதியின் வேலை. ஜிபிஏ1 என்ற மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானால் நொதி போதிய அளவில் வேலை செய்வதில்லை. பழைய இரத்த அணுக்களை விழுங்கும் பெருவிழுங்கணுக்களுக்குள் அந்தக் கொழுப்பு தேங்குகிறது. அந்த அணுக்கள் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் குவிகின்றன. இரத்தசோகை, தட்டணுக் குறைவு, எலும்பு வலி எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அணுவுக்குள் மலைபோல் தேங்குவது குளுக்கோசில்செரமைடு என்றாலும், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் அதன் அளவு ஓரளவே உயர்கிறது; நோயில்லாதவர்களின் அளவோடு கலந்துவிடுகிறது. ஆனால் தேங்கிய கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்து அமில செரமிடேஸ் என்ற மற்றொரு நொதி கொழுப்பு அமிலத்தைக் கழற்றிவிடுகிறது. அப்படிக் கழன்றபின் எஞ்சுவதுதான் லைசோ-ஜிபி1. அது நீரில் எளிதாகக் கலக்கக்கூடியது என்பதால் அணுவை விட்டு வெளியேறி இரத்தத்தை அடைகிறது. சிகிச்சை பெறாத நோயாளிகளின் பிளாஸ்மாவில் இது சராசரியாக 200 மடங்குக்கும் மேல் உயர்ந்திருப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டார்கள். மில்லிலிட்டருக்கு 12 நானோகிராம் என்ற எல்லையைக் கொண்டு நோயுள்ளவர்களை மற்றவர்களிடமிருந்து பிரிக்க முடியும் என்று 2013இல் வந்த மற்றோர் ஆய்வு காட்டியது. சபோசின்-சி என்ற துணைப் புரதம் இல்லாததால் இதே நோய்க்கு ஆளாகும் மிகச் சிலரிடம் நொதிப் பரிசோதனை இயல்பாகவே வரும். அவர்களையும் இந்தக் கொழுப்பு காட்டிக்கொடுக்கிறது.

இதற்கு முன்பு எங்களைப் போன்ற குடும்பங்கள் நம்பியிருந்தது கைட்டோட்ரையோசிடேஸ் என்ற நொதியின் அளவை. 1994இல் வழக்கத்துக்கு வந்த அந்தக் குறிப்பான் கொழுப்பு தேங்கிய பெருவிழுங்கணுக்களிலிருந்து பல நூறு மடங்கு அதிகமாகச் சுரப்பதால் பல ஆண்டுகள் நன்றாகவே உழைத்தது. ஆனால் ஐரோப்பிய மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பேருக்கு அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவின் இரு பிரதிகளுமே வேலை செய்வதில்லை. கிழக்காசிய மக்களில் அந்த விகிதம் இன்னும் மிக அதிகம். அவர்களுக்குக் கோஷே நோய் எவ்வளவு முற்றியிருந்தாலும் அந்தப் பரிசோதனையில் எதுவுமே தெரியாது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களுக்கோ பாதி அளவுதான் தெரியும்.

2009இல், குறைபாடுள்ள நொதிக்கு ஈடாக இரத்தநாளம் வழியாக ஏற்றப்படும் இமிக்ளுசரேஸ் மருந்தைத் தயாரித்த ஆலையில் வைரஸ் கலப்பு ஏற்பட்டு உற்பத்தி நின்றபோது, உலகம் முழுவதும் நோயாளிகளுக்கு மருந்தளவு குறைக்கப்பட்டது, சிலருக்கு முற்றிலும் நிறுத்தப்பட்டது. அந்த மாதங்களில் நோயாளிகளைக் கவனித்த பல மருத்துவக் குழுக்கள் குறிப்பான்கள் ஏறியதைப் பதிவுசெய்திருக்கின்றன. கைட்டோட்ரையோசிடேஸ் இல்லாமல் பிறந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை எப்படிக் கிடைத்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. லைசோ-ஜிபி1 அந்தக் குறையைத் தீர்க்க வந்தது. நோய்க்குக் காரணமான கொழுப்பிலிருந்தே நேராகப் பிறப்பதால், அதை நாம் மதிப்பது சரியே. மதிப்பதால்தான் அது கவனக்குறைவாகக் கையாளப்படுவதைப் பொறுக்க முடியவில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் மகளின் அறிக்கை ஒன்றில் 180 என்று இருந்தது. அடுத்த முறை இரத்த மாதிரி வேறோர் ஆய்வகத்துக்குச் சென்றது. அங்கிருந்து வந்த தாளில் 300 என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது, பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி. மருந்து ஏற்றுவதைத் தவறவிட்டீர்களா என்று எங்களிடம் கேட்கப்பட்டது. மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிட்டதோ என்ற பேச்சும் எழுந்தது. என் மகள் ஒன்றும் பேசாமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தாளின் ஓரத்தில் சிற்றெழுத்தில் இருந்த அலகு கண்ணில் பட்டது. முதல் ஆய்வகம் மில்லிலிட்டருக்கு நானோகிராம் என்று எழுதியிருந்தது. இரண்டாவது ஆய்வகம் லிட்டருக்கு நானோமோல் என்று எழுதியிருந்தது. இந்தக் கொழுப்பின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 462. ஆகவே மில்லிலிட்டருக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 2.17 நானோமோல். 300 என்பதை மாற்றிப் பார்த்தால் ஏறத்தாழ 138 நானோகிராம் வருகிறது. அதாவது, அளவு ஏறவே இல்லை.

அளவு இறங்கியது என்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் இன்னும் வருத்தமானது. இரண்டு ஆய்வகங்களும் ஒரே அளவுத்திட்டத்தில் தங்கள் கருவிகளைச் சரிபார்த்தவை இல்லை. ஒன்று பிளாஸ்மாவை அளந்தது. மற்றொன்றின் முறை என்னவென்று தாளில் இல்லவே இல்லை. 180க்கும் 138க்கும் இடையிலுள்ள வேறுபாடு என் மகளின் உடலில் நிகழ்ந்ததா, இரண்டு கருவிகளுக்கு இடையில் நிகழ்ந்ததா என்பதை யாரும் பிரித்துச் சொல்ல இயலாது. இரண்டாவது சோதனைக்கு எடுத்த இரத்தமும், அதற்காக அவள் பொறுத்துக்கொண்ட ஊசியும் பயனற்றுப் போயின.

ஆய்வகங்களை நடத்தும் பெருமக்களே, உங்களிடம் நான் கேட்பது கடினமான ஒன்றில்லை. எண்ணின் அதே அளவு எழுத்தில் அலகையும் அச்சிடுங்கள். இரு அலகுகளிலும் தந்தால் இன்னும் நல்லது. 12 நானோகிராம் என்ற எல்லை மற்றோர் அலகில் ஏறத்தாழ 26 நானோமோல் என்று அறிந்த வீடுகள் மிகக் குறைவு. மாதிரி பிளாஸ்மாவா, அட்டையில் உலர்த்திய இரத்தப் பொட்டா என்பதை எழுதுங்கள். உலர்ந்த பொட்டில் அட்டை மீது இரத்தம் பரவும் விதம் சிவப்பணுக்களின் விகிதத்தைப் பொறுத்தது. இரத்தசோகையோடு சிகிச்சை தொடங்கும் கோஷே நோயாளிக்கு அந்த விகிதமே சிகிச்சையால் மாறுகிறது என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். உங்கள் முறை குளுக்கோசில்ஸ்பிங்கோசினை அதே எடையுள்ள காலக்டோசில்ஸ்பிங்கோசினிடமிருந்து பிரிக்கிறதா, இரண்டையும் சேர்த்து அளக்கிறதா என்பதையும் ஒரு வரியில் சொல்லுங்கள். மூலக்கூறுகளை அளக்கும் கருவியான நிறைமானி எடையைத்தான் பார்க்கிறது. இவ்விரண்டையும் பிரிப்பது அதற்கு முன்னுள்ள, கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் நிறப்பிரிகைப் படியின் வேலை. கோஷே நோயில் முதலாவதே மிகுதி என்றாலும், அளவு தாழ்ந்து எல்லையை நெருங்கும் நிலையில் அந்த ஒரு வரி தேவைப்படும்.

மருத்துவர்களிடம் கேட்க வேண்டியது, எல்லாவற்றுக்கும் முதலாக, சிகிச்சைக்கு முந்தைய அளவு. இதை நான் மீண்டும் மீண்டும் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. முதல் மருந்து ஏற்றுவதற்கு முன் மட்டுமே அந்த அளவை எடுக்க முடியும். அந்த நாள் போய்விட்டால் எவராலும் அதைத் திரும்பக் கொண்டுவர இயலாது. குழந்தையின் தட்டணுக்கள் அபாயமாகக் குறைந்து, மருந்து எப்போது வரும் என்று காத்திருந்து, வந்தவுடன் அவசரமாக ஏற்றும் சூழலில் இந்தப் பரிசோதனை மறந்துபோவது இயல்பே. அப்போது பரிசோதனைக்கே அனுப்ப வேண்டும் என்பதில்லை. சிறிதளவு பிளாஸ்மாவை உறையவைத்து எடுத்து வைத்தால் போதும், பிறகு அளந்துகொள்ளலாம். சிகிச்சை தொடங்கிப் பல மாதங்கள் கழித்து எடுத்த முதல் அளவை ‘அடிப்படை அளவு’ என்று எழுதிய கோப்புகளை மற்றக் குடும்பங்களிடம் பார்த்திருக்கிறேன். அது அடிப்படை அளவாகாது. பள்ளத்தில் பாதி தூரம் இறங்கிய பிறகு எடுத்த அளவைக் கொண்டு மொத்த இறக்கத்தை எப்படி மதிப்பிடுவது?

ஏனென்றால் இந்தக் கொழுப்பு இறங்கும் விதத்துக்கு ஒரு வடிவம் உண்டு. நொதி மருந்து தொடங்கிய முதல் ஆண்டில் செங்குத்தாக இறங்கும். அதன்பின் இறக்கம் மெதுவாகும். பல ஆண்டுகள் மிகச் சிறிது சிறிதாகக் குறைந்து ஓரிடத்தில் நிலைகொள்ளும். நோயில்லாதவர்களின் அளவை எட்டுபவர்கள் சிலரே. மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடம் அளவு பொதுவாக உயர்ந்தே நிற்கும். 600இல் தொடங்கி 150க்கு வந்த ஒருவரும், 80இல் தொடங்கி 60க்கு வந்த மற்றொருவரும் உங்கள் முன் அமர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாமவரே நலமாக இருப்பதாகத் தோன்றும். மருந்து யாரிடம் நன்றாக வேலை செய்கிறது என்று கேட்டால் விடை முதலாமவர்.

செலவை முடிவுசெய்யும் குழுக்கள் இந்த இடத்தில்தான் இருவகையில் தவறக் காண்கிறோம். அளவு இன்னும் 12 நானோகிராம் என்ற எல்லைக்கு மேல் இருப்பதால் மருந்து பயன்தரவில்லை, எனவே தொடர வேண்டியதில்லை என்பது ஒரு வகை. அளவு நன்றாக இறங்கிவிட்டது, எனவே மருந்தைக் குறைக்கலாம் என்பது மற்றொரு வகை. முதலாவது, நிலைகொண்ட அளவைத் தோல்வியாகப் படிக்கிறது. இரண்டாவது, மருந்தால் தாங்கிப் பிடிக்கப்பட்ட அளவை நோய் தணிந்ததற்கான சான்றாகப் படிக்கிறது. மருந்தளவைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் குறையுங்கள். ஆனால் குறைப்பதற்கு முன் இரண்டு அளவுகள், குறைத்த பிறகு சில மாத இடைவெளியில் அளவுகள், எவ்வளவு ஏறினால் பழைய அளவுக்குத் திரும்புவோம் என்ற முன்கூட்டிய முடிவு ஆகியவற்றை எழுத்தில் வைத்துவிட்டுக் குறையுங்கள்.

வளரும் குழந்தைகளுக்கு இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 60 யூனிட் வீதம் 1200 யூனிட், அதாவது 400 யூனிட் குப்பிகள் மூன்று. குழந்தை 26 கிலோவுக்கு வளர்ந்த பிறகும் அதே மூன்று குப்பிகள் தொடர்ந்தால், கிலோவுக்கு 46 யூனிட்தான் கிடைக்கிறது. யாரும் மருந்தைக் குறைக்கவில்லை. கோப்பில் குறைத்ததாக ஒரு வரியும் இல்லை. ஆயினும் மருந்து குறைந்துவிட்டது. லைசோ-ஜிபி1 மெல்ல ஏறத் தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், அதன்பின் தவறிய ஏற்றங்களை, அதன்பின் எதிர்ப்பொருளை. அதனால்தான் ஒவ்வோர் அளவுக்கும் பக்கத்தில் அன்றைய உடல் எடையும், அன்று நடப்பிலிருந்த மருந்தளவும், முந்தைய மாதங்களில் தவறிய ஏற்றங்களும் எழுதப்பட வேண்டும் என்கிறேன். மாதிரியை எப்போதும் மருந்து ஏற்றுவதற்கு முன்பே எடுப்பது என்று ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டால் மாதிரி எடுத்த நேரம் பற்றிய குழப்பமும் தீரும்.

இந்த எண்ணால் சொல்ல இயலாதவையும் உண்டு. நரம்பு மண்டலத்தைத் தாக்கும் 2ஆம், 3ஆம் வகை நோயில், ஏற்றப்படும் நொதி மூளையைச் சென்றடைவதில்லை. இரத்தத்தில் அளவு அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூளையில் நோய் தன் போக்கில் செல்லக்கூடும். அந்தப் பெற்றோரிடம் இறங்கிய எண்ணைக் காட்டி நம்பிக்கையூட்டும்போது, அது எதைப் பற்றிய நம்பிக்கை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். முன்பே இரத்த ஓட்டம் அற்றுச் சிதைந்த எலும்பு, அளவு இறங்கியதால் மீள்வதில்லை. எம்ஆர்ஐக்கு மாற்றாக இந்தப் பரிசோதனையை வைப்பது முறையன்று. இந்நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படும் ஒரே வகை எதிர்ப்பொருள் இரத்தத்தில் அளவுமீறிப் பெருகும் நிலையையும், அதிலிருந்து வரக்கூடிய மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயையும் தனியாகத்தான் கவனிக்க வேண்டும்.

பொதுமருத்துவர்களுக்கு ஒரு சொல். ‘இரத்தக் கொழுப்பு’ என்றவுடன் கொலஸ்ட்ரால் பட்டியலை எடுப்பது வழக்கமாகிவிட்டது. கோஷே நோயில் அந்தப் பட்டியலில் ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்டிஎல் பெரும்பாலும் தாழ்ந்திருக்கும், அது வேறு கதை. லைசோ-ஜிபி1 உணவிலிருந்து வருவது இல்லை. உடல் தன் சொந்த அணுக்களைச் சிதைக்கும்போது பிறப்பது. ஆகவே எண்ணெயையும் நெய்யையும் நிறுத்தச் சொல்லி ஏற்கெனவே எடை கூடாமல் தவிக்கும் ஒரு குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். அளவு ஏறியதற்குத் தங்கள் சமையலே காரணம் என்று நம்பி மருகிய தாய்மார்களோடு நான் பேசியிருக்கிறேன்.

இதைப் போலவே அணுக்களில் வேறொரு கொழுப்பு தேங்கும் ஃபேப்ரி நோயில் லைசோ-ஜிபி3 போன்ற குறிப்பான்களுக்கும் நான் கேட்கும் இதே ஒழுங்கு பொருந்தும். அந்தக் குடும்பங்களும் இதே அல்லலைப் பேசுகிறார்கள்.

கடைசியாக, ஆய்வகத்தை மாற்றுவது சில வேளைகளில் தவிர்க்க முடியாதது என்பதை அறிவேன். ஒப்பந்தம் முடியும், கருவி பழுதாகும், குடும்பம் இடம்பெயரும், பிள்ளை வளர்ந்து குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் செல்லும். அப்போது ஒரே நாளில் எடுத்த ஒரே மாதிரியைப் பழைய ஆய்வகத்துக்கும் புதிய ஆய்வகத்துக்கும் அனுப்பி, இரண்டு எண்களையும் அருகருகே எழுதிவிடுங்கள். ஒரு முறை செய்தால் பழைய வரிசைக்கும் புதிய வரிசைக்கும் இணைப்பு கிடைத்துவிடும். அந்த வரிசை முழுவதையும், தொடக்க அளவிலிருந்து, நோயாளியின் கையில் ஒரு பிரதியாகக் கொடுங்கள். என் மகள் இன்னும் சில ஆண்டுகளில் தன் மருத்துவரைத் தானே சந்திக்கச் செல்லும் வயதை அடைவாள். அவளிடம் எடுத்துச் செல்ல அந்தத் தாள் இருக்க வேண்டும்; அதில் அலகு எழுதியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
கோஷே நோயுடன் வளரும் ஒரு பெண்ணின் தாய்